நின்றுபோன புது ரம்பம்

பலவேசம் ஆசாரி பேட்டரி ரம்பம் ஒன்று வாங்கிவிட்டார். கையிலிருக்கும் கதவு வேலை முடிந்ததும் சுவர் பிளக்கில் வயர் மாட்டி ஓட்டும் பழைய ரம்பத்தை விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

"கட்டிப்போட்ட மாடு கணக்கா சுவரையே சுத்துறீங்களே அண்ணே!" என்று புதுசு கேலி பண்ணியது.

"விற்கப்போற மாட்டை ஏண்டா சீண்டுறே?" என்றது பழசு. புதுசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் வேங்கைப் பலகையைப் பாதி அறுக்கும்போதே புதுசு சட்டென்று நின்றுவிட்டது. ஆசாரி மூக்குக்கண்ணாடி போடாமலே தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். பிறகு பழசை எடுத்து பிளக்கில் செருகினார்.

"நல்லவேளை, உன்னை இன்னும் விற்கலை. இனிமே நீயும் கூடவே இருப்பா," என்றார்.

பழசு அறுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தது. "ஏண்டா, உன் பேட்டரியிலே சார்ஜ் காட்டுற விளக்கு இன்னும் ரெண்டு எரியுதே?"

"அவர் கண்ணாடி போடுறதுக்குள்ளே பேசாம அறுங்கண்ணே!"