பதினேழாம் நாள் சோறு

செம்பில் தண்ணீரை ஊற்றும்போது முந்தானையை அதன் வாயில் விரித்துவிட்டாள்.

ஊற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது.

வாசலில் நின்றவன் கண்காணி. அரசனின் ஆள். நாலு தெரு நடந்த களைப்பு என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவள் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டாள்.

நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு, வடிகட்டாமல் குடிப்பது கொலை என்று நம்புகிறவர்கள் பாண்டிய நாட்டில் ஒரே கூட்டம்தான். சமணர்கள். அந்தக் கூட்டம் இப்போது இல்லை என்பது அரசாணை.

அரசன் சமயம் மாறி எட்டு மாதம் ஆகிறது. அரசன் மாறினால் குடிகளும் மாறத்தானே வேண்டும். இந்த வீடும் மாறியிருந்தது. நெற்றி நிறைய நீறு. வாய் நிறைய ஐந்தெழுத்து. அவள் கணவன் நாகன், யாரும் கூப்பிடாமலே கோயில் மதிலுக்கு மண் சுமக்கப் போயிருந்தான். எல்லாம் பழகிக்கொண்டார்கள். கையை மட்டும் பழக்கிவிட மறந்தார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மேலத்தெருவில் ஒரு குடும்பத்துக்கு அது மெய்யாகவே அப்படித்தான் முடிந்தது. அங்கே இப்போது நாலு கரிந்த சுவர்கள் நிற்கின்றன.

கண்காணி அவளுடைய நனைந்த முந்தானையைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான். தண்ணீரை முழுக்கக் குடித்தான்.

"உள்ள யாரும்மா இருக்காங்க?"

"அத்தை. மேலுக்கு முடியல."

"சாப்பிடுறாங்களா?"

நலம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டான்.

அவன் பின்னால் ஓர் ஆள் பானையோடு நின்றான். கோயில் நெய்ச்சோறு, சாமிக்குப் படைத்தது. சந்தேகப்பட்ட வீட்டில் ஆளுக்கு ஒரு கவளம். கண் முன்னால் தின்ன வேண்டும். தின்றவர் நம்மவர். தின்னாதவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

அவள் வாங்கித் தின்றாள். வாசற்படியில் நின்றே தின்றாள். இன்னொரு பானை கொடுத்திருந்தாலும் தின்றிருப்பாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தான். பானைக்காரனும் பின்னாலேயே வந்தான்.

உள்ளறையில் தருப்பைப் புல்லின் மேல், வடக்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தாள் அவள் மாமியார் பதுமை.

பதினேழு நாள் ஆயிற்று. முதலில் சோற்றை விட்டாள். பிறகு மோரை. மூன்று நாளாகத் தண்ணீரும் இல்லை. வாழ்ந்து முடித்த சமணர்கள் பசியால் உடம்பையும் வினையையும் சேர்த்துக் கழற்றிவைக்கிற நோன்பு. இன்னும் இரண்டு நாள். மிஞ்சிப்போனால் மூன்று நாள். இடையில் ஒரு பருக்கை உள்ளே போனாலும் நோன்பு முறிந்தது. கரை தொடப்போனவளைக் கடல் நடுவில் கொண்டுபோய்விடும்.

நோன்பு தொடங்கிய அன்று பதுமை வீட்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மாட்டிடமும் கேட்டாள். கடைசியாக மருமகள் முன்னால் கை குவித்தாள். பதினான்கு வருஷம் அவள் சமையலையும் நடையையும் பிறந்த வீட்டையும் சொல்லிக் காட்டிய கிழவி. அன்றைக்கு மருமகள் அழுத அழுகை, சொந்தத் தாய்க்குக்கூட அழுததில்லை.

கண்காணி அறை வாசலில் நின்று தருப்பையைப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

பதுமை கண்ணைத் திறந்தாள்.

அவனைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். கடைசியில் மருமகளின் நனைந்த முந்தானையைப் பார்த்தாள். அங்கேதான் கண் சற்று நின்றது.

இரண்டு நாளாகப் புரண்டு படுக்கவும் தெம்பில்லாதவள், தானே எழுந்து உட்கார்ந்தாள்.

கையை நீட்டினாள்.

கவளம் தொண்டையில் இறங்கவில்லை. கண்காணி தன் சுரைக்குடுக்கையை எடுத்துக் கொடுத்தான். குளத்தில் அப்படியே முகந்த நீர். அதைக் குடித்தாள். சோறு இறங்கியது.

மறுபடி கையை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் வையிங்கய்யா. இந்த மருமக ஆக்கிப் போடுறதத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு."

கண்காணி சிரித்துவிட்டான். அவன் வீட்டிலும் ஒரு கிழவி இருப்பாள் போலிருக்கிறது. பானையைச் சாய்த்து இரண்டு கை அள்ளி வைக்கச் சொன்னான். பதுமை விரலை நக்கித் தின்றாள்.

"ஆத்தாளுக்கு இப்பிடிப் பசிக்குது. பாத்துச் சோறு போடும்மா" என்று அவளைக் கடிந்துவிட்டுப் போனான்.

செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகும்வரை மருமகள் காத்திருந்தாள். பிறகு வெண்கலத் தட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"துப்பிருங்க அத்தை. வெரல விட்டு எடுத்துருங்க."

பதுமை தலையசைத்தாள். தாடையில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். இனி அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அவள் கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது. பதுமை மெல்லத் தருப்பையைப் பொறுக்கி அடுக்கினாள். மாட்டுக்குப் போடச் சொன்னாள்.

பொழுது இறங்கியது. அந்தத் தெருவில் சமண வீடு எது, மற்ற வீடு எது என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்கிற நேரம் அது. பொழுது சாய்ந்தால் சமண வீடுகளில் அடுப்பு எரியாது. விளக்கில் விழுகிற பூச்சி சோற்றிலும் விழும் என்று வெளிச்சம் இருக்கும்போதே உண்டு முடித்துவிடுவார்கள். புதிதாய் நீறு பூசியவர்களும் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சீக்கிரம் படுத்துவிடுவார்கள்.

பதுமை சுவரைப் பிடித்து நடந்து வாசல்வரை வந்தாள். கதவை அகலத் திறந்துவைத்தாள். நிலைப்படியில் உட்கார்ந்தாள். சில வீடு தள்ளிக் கண்காணி இன்னும் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"ராத்திரிக்கு என்னடி வச்சிருக்க?"

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.