எண்ணையும் பார்க்கும் நிரல்

காலை வெயில் சிதம்பரம் கண் மருத்துவமனையின் கணினித் திரையில் பட்டுக் கூசுகிறது. வெளியே, காட்டுமன்னார்கோயிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கண்புரை நோயாளிகள் பெஞ்சில் நெருக்கியடித்துக் காத்திருக்கிறார்கள். யாருக்கு எந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை என்ற குறிப்புகள் கடலூர் சர்வரில் இருக்கின்றன. பெயரை வைத்து அந்த சர்வரைக் கண்டுபிடித்துத் தரும் கருவி நேற்று பழுதாகிவிட்டது. பெயருக்குப் பதில் சர்வரின் முகவரியான ஐ.பி. எண்ணைக் கொடுத்தால், சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழில் பெயரை மட்டுமே தேடும் நிரல் நம்ப மறுக்கிறது. எண்ணையும் ஒப்பிடும்படி அதை மருத்துவமனையின் கணினிகளைக் கவனிக்கும் எழிலரசி விடியற்காலையில் திருத்தி முடித்திருக்கிறாள். "நம்பரையும் சேத்து புது சான்றிதழ் போட்டுட்டேன். இதையும் ஒத்துக்கலன்னா சரிபாக்கறதையே நிறுத்திடும்மா," என்கிறார் போனில், கடலூரில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லூர்துசாமி. "மாட்டேண்ணே. எதிர்ல இருக்கறது யாருன்னே தெரியாம, எந்தக் கண்ணுன்னு கேட்டுக்க முடியுமா?" என்றபடி விசையைத் தட்டுகிறாள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. திரையில் வரிகள் மளமளவென்று இறங்குகின்றன. எழிலரசி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்கிறது. "அண்ணே, ஒத்துக்கிச்சு! நம்பரப் பாத்து ஒத்துக்கிச்சு!" போனுக்குள் கைதட்டல் கேட்கிறது. சொட்டு மருந்தோடு நர்ஸ் வாசலில் வந்து நிற்கிறாள். எழிலரசி முதல் பெயரை உரக்கப் படிக்கிறாள்: "லலிதாம்பிகை, வலது கண்ணு!" "நாந்தாம்மா," என்று ஒரு கை உயர்கிறது.