முன்பே வந்த கப்பு

எங்கள் மாவட்டக் கல்லூரிகளின் கூடைப்பந்துத் தொடரில் சிறந்த வீராங்கனைக்கான கப்பை இப்போதெல்லாம் முதல் ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கு என்று கணினி சொல்லிவிடும். அது தவறியதே இல்லை.

இந்த வருடம் எங்கள் அணியின் ஒச்சம்மாவுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. பந்து கிடைத்தால் அவள் யாருக்கும் தரமாட்டாள். சும்மா ஓடி ஓடியே எனக்கு மூன்று வருடம் போய்விட்டது.

முதல் ஆட்டத்தில் கூடைக்குக் கீழே நின்றவள், பந்தை என்னிடம் வீசினாள். திகைத்துப்போய்த் தவறவிட்டேன்.

"நீயே போட்டிருக்கலாம்லடி?"

"எனக்குத்தான் கப்பு வந்துருச்சே. அம்மா அதை டிவி பக்கத்துல வச்சு தெனமும் துடைக்குது. இனிமே நான் யாருக்குடி காட்டணும்? நீ போடு."

அடுத்த பந்தும் எனக்கே வந்தது. போட்டேன். விழுந்தது.

முதல்முறையாக நாங்கள் தொடரை வென்றோம். இறுதி ஆட்டத்தில் ஒச்சம்மா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

"கணினி இந்தத் தடவை ஏமாந்துருச்சு போல!" என்று சிரித்தார் மைக் பிடித்திருந்தவர்.

முன்பெல்லாம் ஒச்சம்மாவின் உள்ளங்கை மட்டும்தான் கறுக்கும்; இப்போது பந்து பட்டுப் பட்டு எங்கள் எல்லோருடைய உள்ளங்கையும் கறுத்திருந்தது. என்னுடையதை உயர்த்திக் காட்டினேன்.

"இல்ல சார். சரியாத்தான் சொல்லிருக்கு."