சிவப்புத் தொப்பி

போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி தெருமுனையில் தெரிந்ததுமே தணிகைவேல் கொல்லைப்புறமாக ஓடிக் கரும்புக்குள் புகுந்துகொண்டான். கரும்பின் காய்ந்த சோகை முதுகைக் கிழித்தது. 

நேற்றுத்தான் மளிகைக்கடை சண்முகசுந்தரம் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். "பொங்கலோட கெடு முடிஞ்சிது. நாளைக்கு நீ ஜெயிலுக்குப் போற பாரு!"

அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன். வட்டிக்கு விட அவரிடம் லைசென்ஸ் கிடையாது. அதனால் சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வட்டி மட்டும் தவறாமல் ஏறியது. நிலையான வேலை ஒன்று கிடைத்தால் அடைத்துவிடலாம். ஜெயிலுக்குப் போனவனுக்கு யார் வேலை தருவார்கள்?

அம்மா வள்ளியம்மை வரப்பில் ஓடிவந்தாள்.

"டேய், போலீஸ்காரரு உன் பேரு, அப்பா பேரு எல்லாம் எழுதி வெச்சிருக்காருடா!"

"நீ இன்னா சொன்ன?"

"பாண்டிக்குப் போயிருக்கான்னேன். நேரா சண்முகசுந்தரம் கடைக்குப் போயிட்டாரு."

சோகையை விலக்கிப் பார்த்தான். கடை வாசலில் போலீஸ்காரர் ஏதோ கேட்டார். சண்முகசுந்தரம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எழுதிக் குடுத்துட்டான் பாவி! ஓடுடா, கடலூர் பஸ்ஸப் புடி!"

போலீஸ்காரரின் சைக்கிள் மறுபடி அவன் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஆள் கிடைக்காவிட்டால் அம்மாவைக் கூட்டிப்போவார்கள். தணிகைவேல் வெளியே வந்து சைக்கிளின் முன் நின்றான். 

"நான்தான் சார் தணிகைவேல்."

"அதுக்குள்ள பாண்டியிலேர்ந்து வந்துட்டியா?" அவன் தலையில் ஒட்டியிருந்த சோகையைப் போலீஸ்காரர் பார்த்தார்.

"கடன எப்படியாவது அடைச்சிடறேன் சார். ஜெயிலுக்கு மட்டும் வேணாம் சார்."

"ஜெயிலா? இன்னாய்யா ஒளர்ற? எலக்ட்ரிக் ஆபீஸ்ல உனக்கு வேலை போட்டிருக்காங்க. ஆளு எப்படின்னு ஊர்ல விசாரிக்க வந்தேன்."

தணிகைவேல் கடையைக் கைகாட்டினான். "அப்ப... அவருகிட்ட வாங்கின கடன்?"

"உனக்குக் கடன் உண்டான்னு கேட்டதுக்கு, யாருக்கும் நயா பைசா கடன் குடுத்ததில்லன்னு அவரே கையெழுத்து போட்டுட்டாரேப்பா!"