பித்தளையில் இருந்த வருஷம்

வல்லம் வடகாலில் பாலிஷ் போடும் ஷெட். தடுப்புக்குப் பின்னால், உலோகத்தைத் தேய்த்து மினுக்கும் பஃபிங் சக்கரம் ஓயாமல் இரைகிறது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயிலில், ஷிப்ட் முடிந்து வந்த விமல்ராஜ், பகலவன் தன் கையில் கொடுத்த ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஆழ்கடலில் ஆளுயர மீனை இழுக்க எந்தக் காலத்திலோ செய்த பித்தளை ரீல், தேங்காய்ப் பருமன்; அவன் தேடித்தேடி வாங்கி வீட்டு அலமாரியில் சேர்த்து வைத்திருப்பதில் ஒன்று. தூண்டில் கழியோடு பொருந்தும் அடித்தகட்டில் செய்தவன் பெயரும் எண்ணும் பொடியாகக் குத்தியிருக்கும். அது எந்த வருஷத்தது என்று அந்த எழுத்துதான் சொல்லும். களிம்புக்கு அடியில் மங்கிக் கிடந்ததை நேற்றுகூட லென்ஸ் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். இப்போது தகட்டைச் சாய்த்துப் பிடிக்கிறான், நகத்தால் வருடுகிறான். வழவழவென்று இருக்கிறது.

"இன்னாண்ணா, மூஞ்சி தெரியுதா?" பகலவன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிச் சிரிக்கிறான். முன்பு கம்பெனியில் இவனோடு ஒரே லைனில் வேலை பார்த்தவன்; இப்போது இந்த ஷெட் அவனுடையது. "கறுத்துப்போய்க் கெடக்குதுன்னு அண்ணிதான் காலீல குடுத்தாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதாம். எனக்குதான் காட்டாம இருக்க மனசு வரல, அதான் கூப்ட்டேன்."

"நல்லா கீதுடா." கட்டைவிரலால் அந்தத் தகட்டை மறுபடி தடவுகிறான்.

"ஒண்ணப் பாத்தே இப்டி நின்னுட்டியே. அலமாரில இருந்தது மொத்தமும் வந்துடுச்சுண்ணா. கடைசி ஒண்ணுதான் உள்ள ஓடிகினு கீது."

விமல்ராஜ் தடுப்பின் பக்கம் திரும்புகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் சக்கரம் நின்றுவிடுகிறது.