மலைமேல் நீல வெளிச்சம்

அந்த வீடியோ மொத்தமே பதினான்கு விநாடிதான்.

பூகம்பம் வந்து இரண்டாம் நாள். முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு போனைச் சுற்றி முப்பது தலைகள். இருட்டில் மலை. அதன் சரிவில் நீல வெளிச்சம், வெட்டி வெட்டி எரிகிறது. சட்டென்று அணைகிறது. அடுத்து படமே ஆடுகிறது.

"பாத்தீங்களா, வெளிச்சம் நின்னதும் பூமி ஆடுது. ரகசிய ஆயுதம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இல்லை, வானத்திலிருந்து ஏதோ இறங்கியிருக்கிறது என்றார் கணக்கு வாத்தியார். அதற்குள் நாற்பது லட்சம் பேர் பார்த்தாயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் கேலி பேசிக்கொண்டிருந்தேன், வீடியோவைப் பார்க்காமலே.

அன்றுதான் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது.

அது வெல்டிங்.

இருபது வருடமாக என் தொழிலே அதுதான். கறுப்புக் கண்ணாடி வழியாக ராடு நுனியை மட்டும் பார்த்துப் பழகியவன் நான். எங்கள் வெளிச்சம் ஒரு மலையையே துலக்கிக் காட்டும் என்று எனக்குத் தெரியாது. அத்தனை அழகு.

அந்தச் சரிவில், கட்டி முடியாத விடுதியில், மாடிக் கைப்பிடி வேலைக்கு ஒத்துக்கொண்டிருந்தவன் என் தம்பி. அவனும் வெல்டர்தான். அதே மாலைக்குச் சந்தைக் கூரைக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டு, யாருடைய ஜெனரேட்டர் வண்டி முதலில் வருகிறதோ அதில் தொற்றிக்கொண்டு போவது அவன் வழக்கம். பூகம்பத்திலிருந்து அவனைக் காணவில்லை. அவன் பைக் சந்தை வாசலில் நின்றதால் இடிந்த சந்தையிலேயே அவனைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மலை முதலில் ஆடியிருக்கிறது. அதனால்தான் வெளிச்சம் நின்றது. ஆட்டம் ஊருக்கு வந்துசேர இரண்டு விநாடி ஆகியிருக்கிறது.

மீட்பு அதிகாரியிடம் ஓடினேன். நீல வெளிச்சம் தெரிந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று ஆரம்பித்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த வெளிச்சத்தத் தோண்டச் சொல்லி உன்னோட சேத்து பத்தொம்பது பேரு வந்தாச்சு. இருக்கிறது ஒரு மெஷின். போய்யா!"

தம்பி என்றேன், வெல்டிங் என்றேன். எதையும் காதில் வாங்கவில்லை.

முகாமுக்குத் திரும்பி அங்கேயும் சொன்னேன். வந்துட்டான் உண்மைய மூடி மறைக்க என்று சிரித்தார்கள். அவரவருக்குத் தேட ஆள் இருந்தது. என் தம்பிக்காக யார் மலையேறுவார்கள்?

பெஞ்சின்மேல் ஏறினேன்.

"சரி, உண்மையச் சொல்றேன். அங்க ஒண்ணு புதைஞ்சு கெடக்கு."

மண்வெட்டி, கடப்பாரை, தகரம் என்று கையில் கிடைத்ததோடு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். மலைப்பாதை முழுக்கத் தலைகள். என் ஒரு பொய்க்கு இத்தனை கைகளா என்று மலைத்துப்போய்க் கூடவே ஓடினேன்.

மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்தார். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டார்.

"தெரியலண்ணே. ஆனா உசுரோட இருக்கணும்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் என்னை முந்திக்கொண்டு ஓடினார்.