ஒயிட்ஃபீல்டுக்கே போவோம்

தஞ்சாவூர் ரைஸ் மில்லுக்கு மெஷின் பார்க்கப் பெங்களூர் வந்த வேலை மதியமே முடிந்துவிட்டது.

"அங்கயே பீர் காய்ச்சித் தர்ற பப்பு, பக்கத்துலயே நாலு இருக்குண்ணே," என்று போனைக் காட்டினான் தியாகு.

"ஒயிட்ஃபீல்டுல இருக்கிறதுக்கே போவோம்," என்றார் மேனேஜர் வீரமணி.

"குடிக்காத ஆளு நீங்க. அவ்வளவு தூரம் எதுக்குண்ணே?"

வீரமணி ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார். அங்கே போய் பீர் வந்ததும், "இதைக் காய்ச்சினவங்களைப் பாக்கணும்," என்றார் சர்வரிடம். வம்பு வளர்க்கப் போகிறாரோ என்று தியாகு பயந்தான்.

ரப்பர் பூட்ஸோடு வந்த பெண் திகைத்து நின்றாள். "அப்பா!"

"இந்த வேலைக்குப் போறாளேங்கிற கோவத்துல, எம் பொண்ணுகிட்ட மூணு வருஷமாப் பேசல தியாகு."

வீரமணி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது பிரதீபா. நீ உக்காந்து சொல்லும்மா."